திருப்பதி, சித்தூர்ச் சீமை: பருவமும் பயணத் திட்டமும்

திருப்பதி வட அகலாங்கு 13.6 பாகையில், கடகரேகைக்கு வெகு தெற்கே இருக்கிறது. வெப்பமண்டல ஊருக்கு உரிய குணமெல்லாம் அதற்கு உண்டு: குளிர்காலம் பெயருக்குத்தான், வெயில்காலம் நீளம், மழை வந்தால் மொத்தமாகக் கொட்டும். ஆனால் பயணக் கையேடுகள் இந்தியாவின் ஆண்டை இரண்டாகப் பிரித்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அக்டோபர் முதல் மார்ச் வரை சுற்றுலாவுக்கு உகந்த காலம் என்று எழுதிவைப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. சாலையை அறுத்துப் பாறையை உருட்டும் மழை இங்கே அந்த 'உகந்த காலத்தின்' முதல் பாதியில்தான் பெய்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பகுதி ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் ராயலசீமைக்கு வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றோ வங்கக் கடலிலிருந்து நேராக வந்து சேஷாசல மலையில் மோதுகிறது. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் இரண்டு பருவங்களுக்கும் ஏறக்குறைய சம பங்கு உண்டு. ஆனால் தென்மேற்கின் பங்கு நான்கு மாதத்துக்குப் பரவி, பெரும்பாலும் மாலை இடிமழையாகப் பெய்கிறது. வடகிழக்கின் பங்கு சில நாள்களிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. கடற்கரை மாறினால் மழைக்காலமும் மாறுவது வேறு நாடுகளிலும் காணக்கூடியதே. கொழும்பு மே மாதத்தில் நனையும்போது திருகோணமலை காய்ந்து கிடக்கும், அதன் பெருமழை நவம்பரை ஒட்டித்தான். தாய்லாந்தில் புக்கெட் தீவுக்கும் கோ சமுய் தீவுக்கும் அதே வேறுபாடு. இந்தக் கணக்கில் திருப்பதி திருகோணமலையோடு சேரும் ஊர், மும்பையோடு சேராது.

உயரமும் கணக்கில் வரவேண்டும். 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டது. காளஹஸ்தி, சத்தியவேடு பகுதிகளோடு நெல்லூரின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டமானது. மேற்கே மதனப்பள்ளிப் பக்கம் அன்னமய்ய மாவட்டத்துக்குப் போயிற்று. பயணிக்கு இந்த எல்லைகளைவிட மேடு பள்ளம்தான் முக்கியம். சூலூர்பேட்டைக்கு அருகே கடல்மட்டம், திருப்பதி நகரம் ஏறக்குறைய 160 மீட்டர், சித்தூர் 330, திருமலை 850, மதனப்பள்ளி 700, ஹார்ஸ்லி மலை 1,265. இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குள் இத்தனை ஏற்றம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்குக் கொஞ்சம் கூடக் குறையும் என்பது பொது விதி. அதன்படி மலையடிவாரத்து அலிபிரியில் 41 பாகை கொளுத்தும் மதியத்தில் திருமலையில் 36, 37 இருக்கும். குளிர்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது, தாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுதான். மே மாதத்தில் உண்மையான குளிர்ச்சி வேண்டுவோர் போகவேண்டிய இடம் ஹார்ஸ்லி மலை. கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர் அங்கே வீடு கட்டிக்கொண்டதும் அதற்காகத்தான். அதற்கு முன்பே அது ஏனுகு மல்லம்ம கொண்டா என்று பெயர் பெற்ற மலை.

வெயில்காலம் மார்ச் நடுவில் தொடங்குகிறது. அதற்கு முன்னறிவிப்பு காட்டில் தெரியும். பிப்ரவரியிலேயே இலை உதிர்த்துக் காய்ந்துவிடும் சேஷாசலக் காடு, ஒரு பீடித் துண்டுக்குப் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. 2014 மார்ச்சில் திருமலையைச் சுற்றிப் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. செம்மரம் விளையும் வறள்காடு இது. கேரளத்து மலைப் பசுமையை எதிர்பார்த்து ஏப்ரலில் வருகிறவர்களுக்குப் பழுப்பு நிறப் பாறையும் கம்பு கம்பாக நிற்கும் மரங்களும்தான் காணக்கிடைக்கும்.

வெயிலைக் கணக்கிடுவதில் தமிழருக்கும் தெலுங்கருக்கும் ஒரு வேறுபாடு உண்டு, பயணத் திட்டத்தில் அது நேரடியாகவே வந்து நிற்கிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தின் அக்கினி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகிறது. தெலுங்கு உழவர்கள் ஆண்டை 'கார்த்தி' என்ற பதின்மூன்று, பதினான்கு நாள் கூறுகளாக எண்ணுகிறார்கள். அதில் மிகக் கொடியது ரோகிணிக் கார்த்தி. உரலே விரிசல் விடும் வெயில் என்பது அதைப் பற்றிய வழக்கு. அது மே 25 வாக்கில் தொடங்கி, ஜூன் 7, 8-ல் மிருகசீரிடக் கார்த்தி பிறக்கும் வரை நீடிக்கும். கத்திரி கழிந்துவிட்டது, இனிப் போகலாம் என்று மே கடைசியில் புறப்படும் சென்னை, வேலூர்க் குடும்பங்கள் நேராக ரோகிணிக்குள் போய் இறங்குகின்றன. பள்ளிகள் ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் திறக்கும் என்பதால் ஆந்திர, தெலங்கானக் குடும்பங்களும் அப்போது அங்கேதான் இருக்கும். ஆண்டின் மிகக் கடுமையான வெயிலும் மிக நீளமான வரிசைகளில் ஒன்றும் ஒரே வாரத்தில் அமைவது இப்படித்தான். திருமலை மாட வீதிகளில் தேவஸ்தானம் வெள்ளை நிறக் குளிர்வண்ணம் பூசி, விரிப்பு போட்டு, தண்ணீர் தெளித்து வைத்தாலும், வண்ணம் தேய்ந்த இடத்தில் கால் வைத்தவர் அடுத்த பட்டைக்குத் தாவித்தான் போகவேண்டும். அங்கே செருப்புக்கு இடமில்லை. நடந்து ஏறுவோர் சுமார் 9 கிலோமீட்டரும் 3,550 படிகளும் கொண்ட அலிபிரிப் பாதையை அதிகாலையில் தொடங்கிவிடுவது நல்லது. பாதையின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. சந்திரகிரிப் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகளோடு தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதற்குப் பிறகு, குழந்தைகளை அழைத்துச் செல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இரவில் ஏறி வெயிலைத் தவிர்க்கலாம் என்ற பழைய வழி குடும்பங்களுக்கு இனி இல்லை.

வெயில்காலத்துக்கென்றே உரியவையும் சில உண்டு. மார்ச் இறுதியை ஒட்டி நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலில் மூன்று நாள் மாலைச் சூரியன் கருவறை வரை நுழைந்து, திருவடியில் தொடங்கித் திருமுடி வரை நாளுக்கு நாள் படிப்படியாக ஏறுகிறது. மேகமில்லாத மாதம் என்பதால் காட்சி பெரும்பாலும் தவறுவதில்லை. மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மன் ஜாத்திரை வருகிறது. நாளொரு வேடம் பூண்டு ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கும் அந்த ஒரு வாரத்தில்தான் திருப்பதி யாத்திரிகர்களின் ஊராக இல்லாமல் தன் சொந்த ஊராக இருக்கிறது. மலைக்குப் போகிறவர்களில் பலருக்கு அடிவாரத்தில் இப்படி ஒரு விழா நடப்பதே தெரியாது.

அப்புறம் மாம்பழம். பங்கனப்பள்ளி மே மாதத்தில் வரும். சித்தூர் மாவட்டத்தின் அடையாளமான தோத்தாபுரி, தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லப்படுவது, ஜூன், ஜூலையில் மரம் மரமாக இறங்குகிறது. இதில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பாகாலாவை அடுத்த தாமலசெருவுச் சந்தை அப்போது இரவு பகல் பார்ப்பதில்லை. விளைச்சல் மிகுந்த ஆண்டுகளில் ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும், சுமையின் மேல் தென்னை ஓலையோ கோணியோ போர்த்தியிருக்கும், கீழ்வரிசைக் காய்கள் வியர்த்துப் புளிக்கும் வாடை சாலை வரை வரும். சித்தூர்–திருப்பதிச் சாலையில் இந்த வாரங்களில் காரில் போகிறவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வது உசிதம்.

ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையான காலத்துக்குத் தகுந்த மதிப்பு கிடைத்ததே இல்லை. தென்மேற்குப் பருவம் என்ற பெயரே வெளியூர்க்காரர்களை விரட்டிவிடுகிறது. உண்மையில் பகலில் மூடாக்கு, மாலையில் ஒரு மழை, இரவில் காற்று என்பதுதான் பெரும்பாலான நாள்களின் நிலை. மதனப்பள்ளி, பலமநேர், குப்பம் மேட்டுநிலத்தில் பெங்களூரின் இதம் இருக்கும். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று, கோடை முதல் ஆகஸ்ட் வரை அங்கே வரத்து உச்சத்தில் இருக்கும். திருமணக் கணக்கும் இதில் சேர்கிறது. தெலுங்கரின் ஆஷாடம் சாந்திரமான மாதம், ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ விழும். தமிழரின் ஆடி சூரியமான மாதம், ஜூலை நடுவில் தொடங்கும். இரண்டிலும் கல்யாணம் இல்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வாரங்களில் திருச்சானூர், திருமலைக் கல்யாண மண்டபங்கள் ஓய்வெடுக்கின்றன, வார நாள்களில் அறை கிடைப்பதும் சற்று எளிது. ஆடிக் கிருத்திகை நாளில் மட்டும் திருத்தணி வழியாகப் போவதைத் தவிர்க்க வேண்டும். 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லைப் பிரிவினையில் தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னையிலிருந்து புத்தூர் வழியே திருப்பதி செல்லும் சாலையில் இன்றும் அதுதான் குறுகலான கழுத்து. விநாயகர் சதுர்த்தியில் தொடங்கிக் காணிப்பாக்கத்தில் 21 நாள் பிரம்மோற்சவம் நடக்கும். அது முடிவதற்குள் புரட்டாசி பிறந்துவிடுவதும் உண்டு.

புரட்டாசியோடு கூட்டத்தின் பருவம் தொடங்குகிறது. திருமலையில் சாதாரண நாளில் 60,000 முதல் 70,000 பேர் தரிசிக்கிறார்கள், நெரிசல் நாள்களில் 80,000-ஐத் தாண்டும். புரட்டாசிச் சனிக்கிழமைகள் அப்படிப்பட்டவை, முக்கியமாகத் தமிழ்நாட்டால் நிரம்புபவை. வேலூர்–சித்தூர் சாலையிலும் திருத்தணி–புத்தூர் சாலையிலும் நடைப் பயணிகளின் அணி நீளும். சூரியமான மாதம் என்பதால் புரட்டாசியின் தேதி மாறாது: செப்டம்பர் 17-ஐ ஒட்டித் தொடங்கி அக்டோபர் 17-ஐ ஒட்டி முடியும். பிரம்மோற்சவம் அப்படியல்ல, சாந்திரமானத்தை ஒட்டி நகரும். 2024-ல் அக்டோபர் 4-ல் தொடங்கியது, 2025-ல் செப்டம்பர் 24-ல். அதிக மாதம் வரும் ஆண்டில் ஒன்றுக்கு இரண்டு பிரம்மோற்சவங்கள். 2023-ல் ஒன்று செப்டம்பர் 18 முதல் 26 வரையும், மற்றொன்று அக்டோபர் 15 முதல் 23 வரையும் நடந்தன. சென்ற ஆண்டு போன தேதியில் இந்த ஆண்டும் போனால் சரியாக இருக்கும் என்ற கணக்கு பொய்ப்பது இதனால்தான். ஒன்பது நாளில் ஐந்தாம் நாள் இரவுக் கருட சேவை தனி உலகம். சென்னையிலிருந்து திருக்குடைகளும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலையும் அதற்கு முன்பே வந்து சேரும், மலைப்பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை வரும். உற்சவத்தைக் காண வருகிறவருக்கு இதைவிட உயர்ந்த நாள் இல்லை. மூலவரை நின்று வணங்க வேண்டும் என்பவருக்கு இதைவிடத் தவறான நாளும் இல்லை.

அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவம் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறது. அபாயம் தொடர் மழையால் வருவதில்லை, வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களாலும் புயல்களாலும் வருகிறது. ஈரக்காற்று சேஷாசலத்தின் கிழக்குச் சரிவில் மோதி மேலெழும்போது, கடற்கரையில் பெய்ததைவிட மலையில் கூடுதலாகக் கொட்டிவிடும். 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் நடந்தது இதுதான். திருமலையின் இரண்டு வாகனப் பாதைகளும் படிப்பாதைகளும் மூடப்பட்டன, கபில தீர்த்த அருவி குளத்தை மீறிப் பாய்ந்தது, திருப்பதியின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின, சுவர்ணமுகி கரைபுரண்டது. பக்கத்துச் செய்யேற்றில் அன்னமய்யா அணை உடைந்து, நந்தலூர் அருகே ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டு, ரேணிகுண்டாவிலிருந்து குண்டக்கல் பக்கம் போகும் ரயில்கள் தடைப்பட்டன. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழ்க் கிராமங்கள் காலி செய்யப்பட்டன. மழை நின்ற பிறகும் மலை ஓயவில்லை. டிசம்பர் 1-ல் ஏறுபாதையில் பெரும்பாறைகள் சரிந்து சாலையை உடைத்தன. சிதைந்த ஸ்ரீவாரி மெட்டு 2022 மே மாதம்தான் மீண்டும் திறந்தது. நீர் ஊறிய பாறை பல நாள் கழித்தும் விழும் என்பதால், வெயில் அடித்துவிட்டது, புறப்படலாம் என்ற முடிவுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வருவதே அறிவு. 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று அடுத்தடுத்த ஆண்டுகளிலும் புயல் மழை இந்தப் பக்கத்தைத் தொட்டது.

இதே மழைதான் இந்தச் சீமையின் அழகையும் கொண்டுவருகிறது. மற்ற மாதங்களில் ஈரக் கறையாக மட்டும் தெரியும் கபில தீர்த்தம், கார்த்திகை மாதத்தில் முழு அருவியாக விழுகிறது. முக்கோடி எனப்படும் புனித நீராட்டு நாளான கார்த்திகைப் பௌர்ணமியன்று அதன் அடியில் நின்று குளிக்கக் கூட்டம் சேரும். சுமார் 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலக்கோனா, நாராயணவனம் அருகே கைலாசகோனா, வரதய்யபாளையம் பக்கம் உப்பலமடுகு ஆகியவற்றிலும் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் நீர் மிகுந்திருக்கும். பெருமழைக்கு மறுநாள் வனத்துறை அவற்றை மூடிவிடும், மூடாவிட்டாலும் போகக்கூடாது. ஒரு வாரம் விட்டுப் போனால் நீரும் தெளிந்திருக்கும், பாறையும் பிடி கொடுக்கும். திருச்சானூர்த் தாயாரின் கார்த்திகை பிரம்மோற்சவமும், கடைசி நாள் பஞ்சமி தீர்த்தமும் இந்தப் பருவத்தில்தான்.

மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கிறது. விடியலில் மாட வீதியில் எதிரே வருகிறவர் தெரியாத பனி, இரவில் 15 பாகைக்குக் கீழ் இறங்கும் குளிர், காதுவரை துணி சுற்றிக்கொண்டு வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் என்று அந்த மாதத்துக்கே ஒரு தோற்றம். ஆனால் அது வைகுண்ட ஏகாதசியின் மாதமும்கூட. முன்பு இரண்டு நாள் மட்டும் திறந்திருந்த வைகுண்ட வாசல், 2020 டிசம்பரிலிருந்து பத்து நாள் திறக்கப்படுகிறது. கூட்டத்தைப் பரப்பிவிடலாம் என்பது நோக்கம். ஆனால் பத்து நாளும் நெரிசல் நாளாகிவிட்டன. 2025 ஜனவரி 8-ல் அதற்கான இலவச டோக்கன் வாங்கத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் ஆறு பேர் மிதிபட்டு இறந்தனர். ஏகாதசியும் நகரும் நாள்தான்: 2025-ல் ஜனவரி 10-ல் ஒன்று, டிசம்பர் 30-ல் இன்னொன்று வந்தன. ஆங்கிலப் புத்தாண்டும் அதோடு சேர்ந்துகொள்ளும் ஆண்டுகளில் முதியவர்களை அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

பொங்கல் விடுமுறை கழிந்ததும், ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை வருவதுதான் ஆண்டின் சிறந்த காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தேர்வுகள் நெருங்குவதால் பள்ளிக் குடும்பங்கள் வீட்டில் இருக்கும். ரத சப்தமி நாளையும், மகா சிவராத்திரியை ஒட்டிக் காளஹஸ்தியையும் விலக்கிக்கொண்டால் போதும். மழையில் நிரம்பிய பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் நிற்பதும், நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் இப்போதுதான். சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவும் பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. முந்தைய வடகிழக்குப் பருவம் பொய்த்திருந்தால் பறவைகளும் குறைவு, ஆகவே டிசம்பர் மழையை விசாரித்துவிட்டுப் போகவேண்டும். திருமலைக் காட்டுத் தீர்த்தங்களின் முக்கோடி நாள்களும் இந்த வறள்பருவத்தில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன: தைப் பௌர்ணமியில் ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமியில் குமாரதாரை, பங்குனிப் பௌர்ணமியில் தும்புரு தீர்த்தம். தும்புருவுக்குப் பாறை இடுக்கில் ஓடையிலேயே இறங்கி நடக்கவேண்டும். நீர் குறைந்திருக்கும் பங்குனியில் அதை வைத்த முன்னோருக்கு மலையின் பருவம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகு மிஞ்சும் சிக்கல், முன்பதிவுக்கும் வானிலைக்கும் உள்ள இடைவெளி. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டுகளும் அறைகளும் சில ஆண்டுகளாக ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாக, மாதத்தின் 24-ஆம் தேதி வாக்கில் இணையத்தில் விடப்படுகின்றன. சேவைகளுக்கான குலுக்கல் பதிவு அதற்குச் சில நாள் முன்பு. தேவஸ்தானம் இந்த முறையை மாற்றக்கூடும் என்பதால் அதன் அதிகாரப்பூர்வத் தளத்தை மட்டும் பார்ப்பது பாதுகாப்பு. தாழ்வு மண்டலமோ மூன்று நான்கு நாள் முன்புதான் உருவம் பெறுகிறது. அதாவது நவம்பர் 20-க்கான சீட்டை ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டு, நவம்பர் 16-ல்தான் அது பயன்படுமா என்று அறியமுடியும். 2021 வெள்ளத்தில் வரமுடியாமல் போனவர்களுக்கு வேறு நாளில் தரிசனம் செய்ய தேவஸ்தானம் இடம் கொடுத்தது. எல்லா மழைக்கும் அப்படி நடக்கும் என்று எண்ணிக்கொண்டு திட்டமிட முடியாது. திருப்பதியில் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் தரும் இலவச நேரடி டோக்கன்கள் இந்த இடைவெளிக்கு ஓரளவு மருந்து. சென்னையிலிருந்து 140 கிலோமீட்டரும் வேலூரிலிருந்து அதைவிடக் குறைவுமான தொலைவில் இருப்பவர்கள், மழைப்பருவத்தில் முன்பதிவையே நம்பாமல், அமராவதி வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்து வார நாளில் கிளம்பி டோக்கன் வாங்குவது பல சமயம் எளிது. உகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளில் கோயிலைக் கழுவித் தூய்மை செய்யும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடக்கும், காலையில் பல மணி நேரம் தரிசனம் இருக்காது. அந்த நான்கு செவ்வாய்களைத் தள்ளிவைக்க வேண்டும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தத் தெரிவு இல்லை. அவர்களுடைய ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வடகிழக்குப் பருவத்துக்குள் விழுகிறது. அவர்கள் தரிசன நாளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, காளஹஸ்தி, காணிப்பாக்கம், தமிழ்நாட்டு ஊர்கள் ஆகியவற்றைப் பின்னால் வைக்கவேண்டும். புயல் வந்தால் தரிசனத்தை ஒத்திப்போட அப்போதுதான் நாள் மிஞ்சும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் திருமலைக்கு ஒதுக்குவது நவம்பர், டிசம்பரில் கூடாது. தங்குவதற்கு மலையைவிடத் திருப்பதி நகரமே மேல். பாதை மூடினால் மேலே இருப்பவர்களும் இறங்கமுடியாமல் சிக்கிக்கொள்வார்கள், கீழே இருப்பவர்களுக்கோ ரேணிகுண்டா ரயில் நிலையமும் சென்னைச் சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். புத்தூர் வழியில் வெள்ளம் என்றால், சித்தூர், வேலூர் சுற்றிச் சென்னைக்குப் போகும் நீண்ட வழியையும் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.